பெயர் சொல்லாப் பெருந்தகை

பெரியவர்கள் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்தார்கள். வீடுகளில் அந்த வழக்கம் போய்விட்டது. இன்றும் அதைக் கட்டிக் காப்பது நம் பகுதி நாளேட்டின் மாவட்டச் செய்திப் பக்கம் ஒன்றுதான்.

குருபரப்பள்ளி சிப்காட்டிலோ ஓசூரிலோ எந்திரத்தில் சிக்கி ஒருவர் இறந்தால் மறுநாள் பேப்பரைப் பாருங்கள். ‘தனியார் தொழிற்சாலையில் வடமாநிலத் தொழிலாளி பலி.’ நான்கே வரி. எந்த ஆலை என்று கேட்பது பண்பில்லாதவர் வேலை. இருபுறமும் ஆலைகளாக நிற்கும் இடத்தில், அது தனியாருடையது என்று துப்புக் கொடுத்ததே பெரிது. ஒடிசாவா, பீகாரா என்ற விவரமும் வேண்டாம். வடக்கு என்றால் வடக்கு. கடைசி வரியில் போலீசார் ‘விசாரித்து வருகின்றனர்’. எத்தனை வருடம் போனாலும் விசாரித்துக்கொண்டேதான் இருப்பார்கள். விசாரணை முடிந்தது என்று எழுதி அவர்கள் உழைப்பை ஏடு ஒருநாளும் கொச்சைப்படுத்தியதில்லை.

அதே ஆலை அரசுப் பள்ளிக்குப் பத்து பெஞ்சு கொடுக்கட்டும். நிறுவனத்தின் பெயர், மனிதவள மேலாளர், துணை மேலாளர், ரிப்பனைப் பிடித்தவர், கைதட்டியவர் என்று கால் பக்கம் வரும். பெஞ்சில் உட்காரப் போகும் பிள்ளைகள் படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருப்பார்கள். இடம் போதாதே, பாவம்.

ஆலையில் உயிர் போனால் நிர்வாகமே அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் காகிதம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் கிடக்கும். அதைக் கேட்டு நிருபர் செருப்புத் தேய அலைவதில்லை. அலைய நேரமேது? செய்தி எழுதும் பகுதிநேர நிருபர்தானே தீபாவளி, பொங்கல் விளம்பரத்துக்கும் அதே கேட்டில் போய் நிற்க வேண்டும். சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத அவருக்கு விளம்பரக் கமிஷன்தான் அடுப்பெரிக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு சிக்கனமாக ஏடு நடத்தும் முதலாளியைத்தான் பாராட்ட வேண்டும்.

ஏட்டுக்கு வீரம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். பெங்களூருக் கழிவையெல்லாம் சுமந்து தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க வரும்போது கர்நாடகத்தை ஒரு பிடி பிடிப்பார்கள், கலர் படத்தோடு. கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளிக்கு அப்பால் கரைபுரளும் அந்த வீரம், நம் எல்லையிலுள்ள ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் வந்ததும் சாக்கடைகளைப் பார்க்காமல் கண்ணியமாகத் தலைகுனிந்து நடக்கும்.

மாம்பழ விஷயத்திலும் அதே பெருந்தன்மை. 2025 சீசனில் பெங்களூரா மாங்காய் அடிமாட்டு விலைக்குப் போனபோது, ‘விலை சரிவு, விவசாயிகள் கவலை’. மழை மாதிரி, விலையும் தானாகவே மேலிருந்து விழுந்திருக்கிறது. மாங்கூழ் ஆலைகள் என்ன விலை பேசின, யார் யார் சேர்ந்து பேசினார்கள் என்று துருவி, மண்டிக்காரர் மனதையும் ஆலைக்காரர் மனதையும் நோகடிக்கவில்லை.

ஆயுத பூஜைக்குச் சிறப்பிணைப்பு வரும். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வட்டாரத்து ஆலைகளின் பெயரெல்லாம் அதில் இருக்கும், முழு முகவரியோடு, ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல்.