தாயைப் போல பிள்ளையா?

கேள்வி: பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் வாங்கிய பழத்தின் விதையை எடுத்து வைத்திருக்கிறேன். தோட்டத்தில் போட்டால் முளைக்குமா?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: முளைக்கும், காய்க்கவும் செய்யும். ஆனால் மார்க்கெட்டுக்கு வருவதில் பெரும்பகுதி ஹைபிரிட். 'தாயைப் போல பிள்ளை' என்ற பழமொழி அங்கே செல்லாது! ஒரு செடி பாட்டியைக் கொள்ளும், இன்னொன்று தாத்தாவை. நாட்டுத் தக்காளி என்றால் நம்பி எடுங்கள்.

செடியிலேயே நன்றாகக் கனிந்த பழத்தைப் பிழிந்து, விதையைச் சாறோடு டம்ளரில் 2, 3 நாள் விடுங்கள். மேலே நுரை கட்டி, புளித்த வாடை வரும், முகம் சுளிக்காதீர்கள். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு அப்போதுதான் கழலும். அலசினால் சாவி விதை மிதக்கும், நல்லது அடியில் தங்கும். தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதம் வேண்டாம், ஒட்டிக்கொண்டு வராது.

அவரை, துவரை விதையைப் பூச்சி அண்டாமல் சேமிக்கச் சாம்பலில் புரட்டி வைத்தால் போதும். முற்றிய பீர்க்கங்காயை நம் பாட்டிமார் அடுப்புக்கு மேலே புகைபடக் கட்டித் தொங்கவிட்டார்கள், வண்டு அண்டாது. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-இல் திறந்த உலக விதைப் பெட்டகத்தில் குளிர் மைனஸ் 18 டிகிரி. அங்கே குளிர், இங்கே புகை. காப்பது ஒரே சொத்தைத்தான்.

ஃபிரிட்ஜில் வைப்பதானால் இறுக மூடிய பாட்டிலில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். குளிர் தணியட்டும், இல்லையென்றால் விதை வியர்த்துவிடும். ரகத்தின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்ட மறக்காதீர்கள். கத்தரி விதையும் சுண்டை விதையும் டப்பாவுக்குள் இரட்டைப் பிள்ளைகள்!