துணிக்கு எருமைப்பால்

இட்லிச் சட்டி போய்விட்டது. திருடு போகவில்லை; கண்ணெதிரே அடுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே மஞ்சிட்டி வேர் கொதிக்கிறது. "சாயம் காய்ச்சின பாத்திரத்துல திரும்பச் சமைக்கவே கூடாதும்மா. சாய வகுப்புல கண்டிப்பா சொல்லியிருக்காங்க" என்கிறார் வீட்டுக்காரர், ஏதோ என் உடம்பின் மேல் அக்கறை மாதிரி. சமைக்கிற பாத்திரத்தில் சாயம் காய்ச்சக் கூடாது என்றும் அந்த வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார், அதனால் விளக்க வேண்டியதில்லை. நான் சொல்ல உட்கார்ந்தது மதுரைச் சுங்குடியைப் பற்றி. அதற்கு வருகிறேன். முதலில் இந்த வெங்காயத் தோலை ஒழித்துவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது வெங்காயம் வாங்குவது தோலுக்காக. உள்ளே இருப்பதைப் போனால் போகிறதென்று சாம்பாரில் போட்டுக்கொள்கிறோம். பெரிய வெங்காயத் தோலுக்கு ஒரு பை, சின்ன வெங்காயத் தோலுக்கு ஒரு பை. இரண்டும் கலந்துவிட்டால் அன்று வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. காய்கறிக் கடையில் கூடைக்கு அடியில் உதிர்ந்து கிடப்பதை இவர் அள்ளி அள்ளிப் பையில் போட, கடைக்காரர் என்னைப் பார்த்து, "யக்கா, வெங்காயம் வேணாமா?" என்கிறார். அந்தக் குரலில் இருந்த இரக்கத்தை நான் மறக்க மாட்டேன். சொந்தக்காரர் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் ஆளைக் காணோம். சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய், தவசிப்பிள்ளையிடம் பேசி, ஒரு சாக்குத் தோலோடு வருகிறார். காரில் சாக்குக்கு இடம் பண்ணியதில் தாம்பூலப் பை மண்டபத்திலேயே தங்கிவிட்டது. மாதுளம்பழம் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துகிறாரே, என் ரத்தவிருத்திக்கு என்றா நினைக்கிறீர்கள்? தோலுக்கு. எனக்கே புத்தி கெட்டுப் போய்விட்டது. அடுத்த வீட்டுக்காரம்மா தோலைக் குப்பையில் கொட்டுவதைப் பார்த்தால், ஒரு கைக்குட்டைக்கு ஆகுமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

சரி, இவ்வளவும் கொதித்து வருகிற நிறம்? வெங்காயத் தோல் ஆரஞ்சு கொடுக்கும், மாதுளந்தோல் மஞ்சள் கொடுக்கும் என்பார்கள். கொடுக்கும்தான், மற்றவர்களுக்கு. எங்கள் வீட்டில் எதைப் போட்டாலும் இரண்டாம் டிகாஷன் நிறம். அதற்கு இவர் வைத்திருக்கிற பெயர்கள்: தேன், பழைய ஓலை, பாலைவன மாலை. பீட்ரூட்டைக் கொதிக்க வைத்தபோது மட்டும் நல்ல சிவப்பு வந்தது. துணியில் இல்லை, பாத்ரூம் தரையில். துணியில் பீட்ரூட் நிற்காது. மஞ்சளும் அப்படித்தான், வெயில் பட்டால் வெளுத்துவிடும். சோப்புப் பட்டால் குங்குமமாகச் சிவக்கும். இது பூசிக் குளித்த நமக்குத் தெரியாதா? இவருக்குப் பணம் கட்டித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அடுத்து கடுக்காய். துணியில் சாயம் பிடிக்க முதலில் கடுக்காய்த் தண்ணீரில் ஊற வேண்டும். கலம்காரிக்காரர்கள் அதோடு எருமைப்பாலும் சேர்ப்பார்கள். பாலில் இருக்கிற கொழுப்பு மை பரவாமல் காக்கும். அவர்கள் தொழில், அவர்கள் செய்கிறார்கள். இங்கே துணிக்குக் கறந்த எருமைப்பால், எனக்குக் காபிக்குத் தண்ணீர் விட்ட பாக்கெட் பால். மொட்டை மாடியில் என் நார்த்தங்காய் ஜாடிக்குப் பக்கத்தில் துருப்பிடித்த ஆணியும் வெல்லமும் இன்னொரு ஜாடியில் ஊறுகின்றன. கடுக்காய் ஊறிய துணியில் அந்தத் தண்ணீர் பட்டால் கறுப்பு வருமாம். வரட்டும். மூடியை மாற்றிப் போடாதவரை எனக்கு ஆட்சேபணை இல்லை.

அவுரி ஒன்றை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தொட்டியிலிருந்து துணியைத் தூக்கும்போது பச்சையும் மஞ்சளுமாக, ஏமாந்துவிட்டோமோ என்றிருந்தது. காற்றுப் பட்டதும் ஓரத்திலிருந்து நீலம் ஏற ஆரம்பித்தது. மடிப்பை விரிக்க விரிக்க உள்ளே இருந்த பச்சையும் கண்ணெதிரே நீலமாகியது. நான் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். இவர் மூடவில்லை. ஆக்சிஜன், அது இது என்று விளக்கம்.

எங்கே விட்டேன்? சுங்குடி. மதுரையில் சௌராஷ்டிர வீட்டுப் பெண்கள் துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி நூல் சுற்றி முடிச்சுப் போடுவார்கள், ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில். சாயத்தில் முக்கி, காயவைத்து, நூலைப் பிரித்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; கூலியைக் கேட்காதீர்கள். முடிச்சுப் போட ஆள் குறைந்து, இப்போது கடையில் இருப்பதில் பெரும்பாலும் அச்சுப் புள்ளி. போன வாரம் நிஜ முடிச்சுச் சேலை ஒன்று கண்ணில் பட்டது. கைவேலையின் மகத்துவம் பற்றித் தினமும் காலை எனக்கு வகுப்பெடுக்கிற மனிதர் விலையைக் கேட்டதும், "ரெண்டு புள்ளி கோணலா இருக்கே, நூறு ரூபா குறைங்க" என்றார். கடைக்காரர் குறைத்துவிட்டார், அதுதான் எனக்கு ஆறவில்லை.

இவருடைய பாலைவன மாலைத் துப்பட்டாவில் கோணல் இருந்தால் அது கலை. திட்டு இருந்தால் அதற்குத் தனி விலை. ஆயிரத்து எண்ணூறு ரூபாய் சீட்டு ஒட்டி, குடியிருப்பு நவராத்திரிக் கொலுவில் தொங்கவிட்டார். யார் வாங்குவார்கள் என்று சிரித்துக்கொண்டிருந்தேன். என் நாத்தனார் வாங்கிவிட்டார். முதல் சலவை முடிந்ததும் போன் வரும். நான் எடுக்கப் போவதில்லை.