ஒரு யானை, இரண்டு பாகன்

கேள்வி: தண்டவாளங்களைப் பற்றவைக்கும் தெர்மிட் வினையில், இரும்பு ஆக்சைடும் அலுமினியமும் 1:2 என்கிறது சமன்பாடு. அப்படியானால் 1 கிலோ ஆக்சைடுக்கு 2 கிலோ அலுமினியமா?
– பிளஸ் ஒன் மாணவி, விருதுநகர்

பதில்: ஒரு யானைக்கு இரண்டு பாகன் என்றால், பாகன்களின் எடை யானையைப் போல இரு மடங்கா? சமன்பாடு தலையைத்தான் எண்ணும், தராசைத் தொடாது. 1:2 என்பது மோல் கணக்கு. எடை வேண்டுமானால் மோல் நிறையால் பெருக்க வேண்டும்.

ஃபெரிக் ஆக்சைடு 1 மோல், 160 கிராம். அலுமினியம் 2 மோல், 2 × 27 = 54 கிராம். ஆக, 1 கிலோ ஆக்சைடுக்கு 337.5 கிராம் அலுமினியம் போதும். 2 கிலோ கொட்டினால் முக்கால் பங்குக்கு மேல் வேலையின்றி நிற்பதோடு, வினையின் சூட்டையும் குடித்துவிடும். குறைத்தாலோ, ஆக்சைடு மிஞ்சும்.

அளவு சரியாக இருந்தால், 160 கிராம் ஆக்சைடிலிருந்து 112 கிராம் இரும்பு தகதகவென உருகி, இரு தண்டவாளங்களின் இடைவெளியில் இறங்கும். 102 கிராம் அலுமினியம் ஆக்சைடு கசடாக மேலே மிதக்கும். கூட்டிப் பாருங்கள்: 160 + 54 = 214; 112 + 102 = 214. தேர்வில் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்த பிறகே பேனாவை மூடுங்கள். அது உங்களைக் கைவிடாது.