பூமிக்கு ஸ்கேன் எடுக்கப் போறியாக்கும்!

ஏலே பேராண்டி, போர் போடுறதுக்கு முன்னால பூமிக்கடியில போட்டோ புடிக்கப் போறியாம்லா? லேசுப்பட்ட ஆளா நீ!

அது போட்டோ இல்லலே கிறுக்குப் பயலே. படம் எடுக்க வாரவன் தரையில இரும்புத் தகட்டப் போட்டு, சம்மட்டியால ஓங்கி ஒரு போடு போடுதான். வரிசையா குத்தி வச்ச ஜியோபோன்ல அந்த அதிர்வு எப்ப வந்து சேந்துச்சுன்னு குறிச்சுக்கிடுதான். ஜியோபோனுக்குள்ள என்ன மாயமா இருக்கு? ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருளு. பொலபொலன்னு காஞ்ச மண்ணுல அதிர்வு நொடிக்கு 500 மீட்டர் போனாலே பெருசு. கருங்கல்லுல 5,000 மீட்டர் பறக்கும். இந்த நேரத்த வச்சுக் கணக்குப் போட்டு, பெறவு செவப்பும் நீலமுமா வர்ணம் பூசுதான். நீ வாயப் பொளந்து நிக்க.

நீலம்னா தண்ணின்னு நெனச்சியோ? தண்ணி ஊறுன மணலுல வேகம் 1,500 மீட்டர் வாக்குல இருக்கும். ஊறுன களிமண்ணுலயும் கிட்டத்தட்ட அம்புட்டுத்தான். களிமண்ணு கடன் வாங்குன மச்சான் மாதிரி. வச்சுக்கிடும், தராது.

பக்கத்துல மாடு நடந்தாலும் ஜியோபோன் ஆடும். அதான் ஒரே எடத்துல பல தடவ அடிச்சு, எல்லாத்தையும் கூட்டிப் பாக்கான். நம்ம அடி தெளிஞ்சு வரும், மாட்டடி அமுங்கிரும். இந்த ஒரு சங்கதியில அவனுகளுக்குப் புத்தி உண்டு, இல்லங்கல.

வர்ணப் படம் இல்லாம, அதிர்வ மட்டும் வச்சே பூமிக்குள்ள பாத்தவுகளும் உண்டு. டென்மார்க்குல இங்கெ லெஹ்மன்னு ஒரு அம்மா இருந்தாக. கம்ப்யூட்டரு ஏது, கலரு ஏது? 1929-ல நியூசிலாந்துல பூமி குலுங்குச்சு. வரக்கூடாத எடத்துல இருந்த கருவியிலயும் மெல்லிசா ஒரு அதிர்வு வந்து நிக்கி. எதுக்கு வந்துச்சு? அந்தம்மா ஓட்ஸ் வந்த அட்டப்பொட்டியில குறிப்பட்டைகள அடுக்கி வச்சுக்கிட்டு ரோசிச்சாக. 1936-ல சொல்லிட்டாக: பூமி நடுவுல உருகிக் கெடக்க கருவுக்குள்ள இன்னொரு உருண்ட இருக்குன்னு.

தோண்டியா பாத்தாக? மனுசன் தோண்டுனதுலயே ரொம்ப ஆழம் ரஷ்யாவுல கோலாங்கிற எடம். 12,262 மீட்டர். பூமி நடுவுக்கு 6,371 கிலோமீட்டர் போவணும். மேலோட்டயே தாண்டல, பாத்துக்கோ.

அதனால நாளைக்கு அந்தப் பயலுக வந்தா, வர்ணப் படத்த ஓரமா வைக்கச் சொல்லு. அதிர்வு வந்த நேரத்த எழுதுன தாளக் கேளு. களிமண்ணா மணலான்னு எத வச்சுச் சொல்லுதேன்னும் கேளு. முழிச்சான்னா, சம்மட்டி அடிச்சதுக்கு மட்டும் கூலிய எண்ணிக் குடுத்து அனுப்பிரு.