பார்ட்டி ரெடி

விற்கும் எண்ணமே இல்லாதவர்கள்தான் நிலத்தின் விலையை அதிகம் விசாரிக்கிறார்கள். பாட்டன் விட்டுப்போன நாற்பது சென்ட்டோ இரண்டு ஏக்கரோ ஊரில் கிடக்கும், நாம் நகரத்தில் இருப்போம். யாரோ கூப்பிட்டு "சார், இடம் கொடுக்கிற ஐடியா இருக்கா?" என்று கேட்பார். "இல்லை" என்று சொல்வதற்கு முன்பே "இப்ப அந்தப் பக்கம் என்ன ரேட் போகுது?" என்று நம் வாய் கேட்டுவிடும். அந்த ஒரு கேள்வி போதும். அன்று மாலைக்குள் நம் கைப்பேசி எண் மாவட்டத்தின் எல்லாத் தரகர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். இந்த வாரமும் அந்த அழைப்புகள் ஓயவில்லை என்பதால் இந்தக் கட்டுரையில் யாரும் நிதானத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஊக வியாபாரத்துக்காக நிலம் தேடுபவர்களிடம் ஆறு உத்திகள் இருக்கின்றன. ஆறையும் வரிசையாக விளக்கி, கடைசியில் அவர்களை ஒரே வரியில் திருப்பி அனுப்பும் பதிலையும் சொல்வதாகத் திட்டம்.

முதல் உத்தி பார்ட்டி. "சார், பார்ட்டி ரெடி." பார்ட்டி எப்போதும் ரெடியாகவே இருப்பார். அவர் தயாராகிக்கொண்டிருந்ததை யாரும் பார்த்ததில்லை. பெரும்பாலும் துபாயில் இருப்பார். அங்கே இல்லாவிட்டால் சிங்கப்பூர், அதுவும் இல்லாவிட்டால் பெங்களூரில் ஐடி. வியாழக்கிழமை அவருக்கு விமானம், அதற்குள் முடித்தாக வேண்டும். தொழிலில் டாக்டர், மனைவியும் டாக்டர். இருவருக்கும் ஓய்வுக்காலத்தில் நாட்டுமாடு வளர்த்து இயற்கை விவசாயம் செய்யும் கனவு உண்டு. நம் இடம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார், ஆனால் அது எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்பதைத் தரகர் வழியாக நம்மிடமே கேட்டுத் தெரிந்துகொள்வார். ஈசானிய மூலை சரியாக இருப்பதாக அவருடைய வாஸ்து நிபுணர், மனையைக் கண்ணால் பார்க்காமலே, கடல் கடந்து சொல்லிவிட்டார். பார்ட்டியின் பணம் காலையில் முழு வெள்ளை. மதியம் "பாதி வெள்ளை, பாதி ரொக்கம்" ஆகும். சாயங்காலம் "முதல்ல டோக்கனா ஒரு ஐம்பதாயிரம் வாங்கிக்குங்க" என்று மெலிந்துவிடும். அந்த ஐம்பதாயிரமும் ரொக்கம். 2015 ஜூனிலிருந்து 20,000 ரூபாயோ அதற்கு மேலோ நில முன்பணத்தை ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கே அதே அளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு என்பதைப் பார்ட்டியும் சொல்லமாட்டார், தரகரும் சொல்லமாட்டார்.

பார்ட்டியின் நாட்காட்டி தனி. ஆடியில் கிரையம் செய்யமாட்டார். மார்கழியில் பேச்சே எடுக்கமாட்டார். அஷ்டமி, நவமி, கரிநாள், ராகுகாலம், எமகண்டம் எல்லாம் போக மிஞ்சும் நாட்களில் தேர்தல் நடத்தை விதி வந்துவிடும், பணத்தை எடுத்துவர முடியாது. ஆனால் நாம் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் எல்லா நாளும் சுபமுகூர்த்தம். அவருக்குப் பேரம் பேசுவது பிடிக்காது, அவருக்காகத் தரகர்தான் பேசுவார். அவர் தாராள மனசுக்காரர், ஆனாலும் நாம் அவரைப் பார்க்கக்கூடாது. "நேர்ல பார்த்தா ரேட்டு கெட்டுடும் சார்." யாருடைய ரேட்டு என்று கேட்டால் பதில் வராது. வற்புறுத்திக் கேட்டால் பார்ட்டியின் மைத்துனர் என்று ஒருவர் வெள்ளைச் சட்டையில் வருவார். அவர் இன்னொரு தரகர். அவருக்கு வண்டி ஓட்டி வந்தவரும் தரகர்தான். "மேப் பார்க்கணும்" என்று நாம் அனுப்பிய பட்டா நகலும் புல வரைபடமும் நான்கு வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி, ஒரு வாரத்தில், நம் இடத்தையே நமக்கு விற்க ஒருவர் கூப்பிடுவார். அவரிடமும் ஒரு குறை சொல்ல முடியாது. நம்மிடம் விலை கேட்டவர் சொன்ன தொகையைவிட சென்ட்டுக்கு இரண்டு மடங்கு சொல்வார். நம் நிலத்தின் உண்மையான சந்தை விலையை நாம் தெரிந்துகொள்ளும் ஒரே தருணம் அதுதான்.

பார்ட்டி ஏன் வருவதில்லை? அவருக்கு நேரம் இல்லாமல் இல்லை. அவர் இன்னும் பிறக்கவில்லை. முதலில் நம் கையெழுத்து, அதற்குப் பிறகுதான் பார்ட்டி. இந்த வரிசை புரிந்துவிட்டால் மீதி எல்லாம் கணக்குதான். ஏக்கர் ஒரு கோடி என்று பேசி, இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்து, பதினோரு மாதத்துக்கு ஒரு விற்பனை அக்ரிமென்ட் போடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு லட்சத்துக்கு அவருக்குக் கிடைப்பது ஒரு கோடி ரூபாய்ச் சொத்தின்மேல் பதினோரு மாத அவகாசம். அதற்குள் ஒன்றரைக் கோடி சொல்லும் ஆள் கிடைத்தால் அந்த அரைக்கோடி அவருடையது. கிடைக்காவிட்டால் கைவிட்டுப் போவார், அல்லது போகாமல் "இன்னும் ஆறு மாசம்" என்பார். நிறுத்தத்துக்கு வந்த பேருந்தின் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் வேலைதான் இது. துண்டு போட்டவர் கடைசிவரை ஏறாமல் போனாலும், அந்த இருக்கையில் வேறு யாரும் உட்கார முடியாது. விலை ஏறினால் லாபம் அவருக்கு, இறங்கினால் நஷ்டம் நமக்கு. இப்படி ஒரு ஏற்பாட்டை எந்த வங்கியும் இரண்டு விழுக்காட்டுக்குக் கொடுக்காது.

"கெடு முடிந்தால் அக்ரிமென்ட் தானாகக் காலாவதி ஆகிவிடுமே" என்பது முதல் ஆட்சேபம். ஆகாது. சொத்துரிமை மாற்றச் சட்டப்படி விற்பனை ஒப்பந்தம் நிலத்தில் எந்த உரிமையையும் தானாகத் தருவதில்லை என்பது உண்மை. ஆனால் ஒப்பந்தத்தை நிறைவேற்றிக் கொடு என்று வழக்குப் போட அவருக்கு மூன்று ஆண்டு இருக்கிறது. 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அப்படி நிறைவேற்ற உத்தரவிடுவதா வேண்டாமா என்று நீதிமன்றத்துக்கு முன்பு இருந்த விருப்புரிமையும் போய்விட்டது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதை இறக்க ரத்துப் பத்திரம் போடலாமே என்று பார்த்தால் அதிலும் அவர் கையெழுத்து வேண்டும், அந்தக் கையெழுத்துக்குத் தனி விலை. சரி, பதிவு செய்யாமல் வெறும் பத்திரத்தாளில் எழுதிக் கொடுத்தால் கட்டுப்படுத்தாது என்று கெட்டிக்காரத்தனமாக நினைப்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்தே போன ஒரு வழக்கில், பதிவு செய்யாத ஒப்பந்தத்தையும் இந்த மாதிரி வழக்கில் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே கெட்டிக்காரர்களும் நீதிமன்ற வராந்தாவில்தான் உட்கார வேண்டும்.

நிலம் நிஜமாகவே வேண்டுமென்றால் முழுப்பணம் கொடுத்து ஏன் கிரையம் செய்துகொள்ளவில்லை? 2023-இல் மாற்றியமைத்த விகிதப்படி முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஒரு கோடிக்கு ஒன்பது லட்சம். தன் பெயருக்கு வாங்கி மறுபடி விற்றால் இந்த ஒன்பது லட்சம் வீண். நம் பெயரிலேயே நிலத்தை வைத்து, நம் கையாலேயே கடைசி ஆளுக்கு விற்க வைத்தால் அது மிச்சம். இன்னொரு கணக்கும் இருக்கிறது. நம்மிடம் சென்ட் கணக்கில் வாங்குபவர் மறுபக்கம் சதுர அடிக் கணக்கில் விற்பார். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சென்ட் ஒரு லட்சம் என்றால் நமக்கு நெஞ்சு நிமிரும். அதையே சதுர அடி 230 ரூபாய்க்கும் குறைவு என்று யாராவது சொன்னால் நிமிர்ந்த நெஞ்சு அப்படியே உட்கார்ந்துவிடும். சாலைக்கும் பூங்காவுக்கும் நாற்பது விழுக்காடு போனாலும் ஏக்கருக்கு 26,000 சதுர அடி மிஞ்சும். சதுர அடி ஆயிரம் என்றாலே இரண்டு கோடியே அறுபது லட்சம். சாலை போடவும் அனுமதி வாங்கவும் செலவு உண்டு, மறுக்கவில்லை. அந்தச் செலவைச் சொல்லும்போது தரகரின் கண் கலங்கும், வரவைச் சொல்லும்போது மட்டும் கலங்காது.

அக்ரிமென்ட்டுக்கு மசியாதவர்களுக்குப் பவர். "கிரையமெல்லாம் அப்புறம் சார், பவர் மட்டும் போட்டுடுங்க, நீங்க அலைய வேண்டாம்." பொது அதிகார ஆவணத்தால் சொத்து கைமாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 2023 ஜூலையில் குடும்பத்துக்கு வெளியே இருப்பவருக்குப் பவர் கொடுக்கும் கட்டணம் 10,000 ரூபாயிலிருந்து சொத்து மதிப்பில் 1 விழுக்காடாக உயர்ந்தது. ஒன்பதோடு ஒப்பிட்டால் ஒன்று இன்னும் மலிவுதான், அதனால் உத்தி சாகவில்லை. பவர் கொடுத்தவர் செத்துவிட்டால் பவரும் பெரும்பாலும் செத்துவிடும் என்பதால், முகவர் கிரையம் எழுதும்போது நாம் உயிரோடு இருப்பதற்கு மருத்துவர் சான்று கேட்பார்கள். நம் உடல்நலத்தை இவ்வளவு கவலையோடு விசாரிக்க, பெற்ற பிள்ளைகளை விட்டால் பவர் ஏஜென்ட்தான். மனைகள் விற்றுத் தீர்ந்ததும் அந்தக் கவலையும் தீர்ந்துவிடும். பத்திரத்தில் விற்றவர் நாம். சாலை போடவில்லை என்று மனை வாங்கியவர் தொடுக்கும் வழக்கில் எதிர்மனுதாரர் நாம். விற்பனைத் தொகை முழுவதும் நமக்கு வந்ததாக நினைத்து வரித்துறை அனுப்பும் கடிதத்தில் இருப்பதும் நம் பெயர். அப்போது கூப்பிட்டால், பார்ட்டி மட்டுமல்ல, தரகரும் துபாயில் இருப்பார்.

இரண்டு உத்திகளுக்கே தாள் தீர்ந்துகொண்டு வருகிறது. மூன்றாவதான பயமுறுத்தலை அவசரமாகத் தொட்டுவிடுகிறேன், மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம். "உங்க சர்வே நம்பர்ல ரோடு வருது சார். கவர்ன்மென்ட் சும்மா எடுத்துக்கும், அதுக்குள்ள கொடுத்துடுங்க." பரந்தூரில் விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்ததிலிருந்து, அந்தப் பெயரைக் கேட்டிராத ஊர்களுக்கும் விமானம் வந்து இறங்கும் என்று பேச ஆள் இருக்கிறது. அரசு சும்மா எடுத்துக்கொள்ளும் நிலத்தை இவர் ஏன் காசு கொடுத்து வாங்க வருகிறார் என்பதை நாம் கேட்பதே இல்லை. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் சந்தை மதிப்புக்கு மேல் அதே அளவு ஆறுதல் தொகையும் தரச் சொல்கிறது, கிராமப்புறத்தில் சந்தை மதிப்பையே பெருக்கிக் கணக்கிடவும் வழி வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தை நமக்கு முன்னால் படித்தவர் தரகராகத்தான் இருக்க வேண்டும். நிலத்தில் அவ்வளவு வில்லங்கம் இருந்தால் விலகி ஓட வேண்டியவர் வாங்குபவர்தானே. பட்டா, புல வரைபடம், வில்லங்கம், வழிகாட்டி மதிப்பு எல்லாவற்றையும் அரசுத் தளங்களில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். நாமோ கைப்பேசியில் பக்கத்து வீட்டுப் பூனையின் காணொளி வரை பார்த்துவிட்டு, சொந்தச் சர்வே எண்ணைத் தரகரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்.

வித்தியாசத்தில் லாபம் பார்ப்பது வியாபாரம்தானே, அதில் என்ன பாவம் என்று கேட்பார்கள். பாவமே இல்லை. தன் பணத்தைப் போட்டு, தன் பெயரில் வாங்கி, விலை விழுந்தால் தானே நஷ்டப்படுபவரை ஊக வியாபாரி என்று திட்ட எனக்கு உரிமை கிடையாது. உயிரோடு இருக்கும் இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்து, பேசிய கமிஷனை வாங்கிக்கொண்டு போகும் தரகரும் நேர்மையானவர்தான். நஷ்டத்தை அடுத்தவர் நிலத்தில் ஊன்றிவிட்டு லாபத்தை மட்டும் அறுப்பதுதான் இங்கே சங்கதி. "அவசரத்துக்குப் பணம் வேண்டியவர் என்ன செய்வார்?" என்பது இன்னும் கனமான கேள்வி. ஆனால் இந்த ஏற்பாட்டில் அதிகம் அடிபடுபவரே அவர்தான். ஆஸ்பத்திரிச் செலவுக்கோ கல்யாணத்துக்கோ முழுத்தொகை வேண்டியவருக்குக் கிடைப்பது இரண்டு விழுக்காடு. மீதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் வேறு யாருக்கும் அவரால் விற்க முடியாது. அவசரக்காரர் விலையைக் குறைத்துக் கிரையம் செய்வதில்கூட அர்த்தம் இருக்கிறது, பணமாவது கைக்கு வரும். "நம்ம ஊர்ப் பையன், மாமா மாமான்னு கூப்பிடறான்" என்ற வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பையன் அக்ரிமென்ட்டில் நம்மை மாமா என்று குறிப்பிடுகிறானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஆட்சேபம், "இடம் சும்மாதானே கிடக்கிறது?" கிடக்கட்டுமே. அது நம்மிடம் சோறு கேட்கவில்லை, வாய்தாவுக்குக் கூப்பிடவில்லை. பார்க்கப்போனால் அது சும்மாவும் கிடக்கவில்லை. முன்பணம் பேசாமல், பவர் கேட்காமல், நாள் நட்சத்திரம் பார்க்காமல், நேரில் வந்து குடியேறிய ஒரே பார்ட்டியாகச் சீமைக்கருவேலம் அங்கே வேர்விட்டிருக்கிறது. அதை வெட்டித் தர ஆள் தேடித் தேடி அலுத்துப்போய்விட்டது. அதற்கு மட்டும் எந்தப் புண்ணியவானும் போன் செய்வதில்லை.