குளூட்டன் அத்தான்

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களும் அமெரிக்காவில் பள்ளிக்கூடம் மூடியிருக்கும் மாதங்களும் ஒன்றாக அமைந்தது தென்காசிக்காரர்களின் பூர்வஜென்மப் பலன். ஜூன் பிறந்தால் ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதோ இல்லையோ, அத்தான் வந்து இறங்கிவிடுவார். இப்போது தெருவுக்கு ஒரு அத்தான் உண்டு. ஒருவர் டல்லாஸ், ஒருவர் டொரண்டோ. பெட்டி மட்டும் ஒரே பெட்டிதான். முன்பு அதில் சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும் வந்தன. இப்போது பாதாம் மாவு, கினோவா, 'குளூட்டன் ஃப்ரீ' என்று முத்திரை குத்திய அரிசி நூடுல்ஸ். சிற்றாற்றுப் பாசனத்தில் நெல் விளைகிற ஊருக்கு அரிசியை விமானத்தில் ஏற்றிவருவதற்கும் ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

எங்கள் அத்தான் குளூட்டனுக்குப் பயந்து கோதுமையை விட்டு நாலைந்து வருஷமாகிறது. டாக்டர் யாரும் விடச் சொல்லவில்லை; காரில் போகும்போது கேட்ட பாட்காஸ்ட் சொன்னது. விட்ட மறுவாரமே மண்டைக்குள் இருந்த மந்தம் விலகி, முழங்கால் வலி போய், தலைமுடி கொட்டுவது நின்றுவிட்டதாம். முடி விஷயத்தில் சாட்சியம் அவர் தலையிலேயே இருப்பதால் யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

டல்லாஸில் தான் பட்ட பாட்டை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். கோதுமை இல்லாத ரொட்டி விலையில் ரெண்டு மடங்கு, கனத்தில் செங்கல். சோயா சாஸைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் கோதுமை. ஓட்ஸ் நல்லதுதானே என்றால், ஆலையில் கோதுமையோடு கலந்திருக்குமாம். ஆபீஸ் விருந்தில் எல்லாரும் பீட்ஸா தின்ன, இவர் மட்டும் கேரட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாராம். கடைசியில் கைகொடுத்தது நம் தோசைதான். பதினைந்து டாலர் கொடுத்துச் சாப்பிடுகிறார்.

"தோசைய உலகமே கொண்டாடுதும்மா!"

"எய்யா, தெனமும் தோசையான்னு தட்டத் தள்ளுன பய நீதானல?" என்றாள் அத்தை, மாவைக் கரைத்தபடியே.

அத்தை அடுக்களையில் வாரம் முழுக்க நடப்பது இட்லி, ஆப்பம், இடியாப்பம், சொதி, கூட்டாஞ்சோறு, மழை கூடினால் நல்லெண்ணெய் ஊற்றிய உளுந்தங்களி. கோதுமை என்பது இந்த வீட்டில் சர்க்கரை வியாதி வந்தவருக்கு டாக்டர் விதிக்கும் ராத்தண்டனை. மாமா பல வருஷமாக ராத்திரி மூன்று சப்பாத்தி தின்று அந்தத் தண்டனையை அனுபவித்துவருகிறார். மகன் வந்து அது விஷம் என்கிறார். டாக்டர் சொன்னதைக் கேட்பதா, டல்லாஸ் சொன்னதைக் கேட்பதா என்று மாமா முழிக்கிறார்.

அவரைத் தெளியவைக்க அத்தான் ஒருநாள் பட்டாசாலையில் சோதனையே நடத்திக் காட்டினார். டென்னிஸ் வீரர் ஜோகோவிச் 2013இல் எழுதிய புத்தகத்தில் வரும் சோதனை அது. வயிற்றின் மேல் ஒரு ரொட்டித் துண்டை வைத்துக்கொண்டு மறு கையை நீட்டச் சொல்லி, ஒரு டாக்டர் அழுத்தினாராம், கை பலமிழந்துவிட்டதாம். ரொட்டிக்குப் பதில் மாமாவின் தொந்தியில் ஒரு சப்பாத்தி வைக்கப்பட்டது. கை நீண்டது. அத்தான் அழுத்தினார். கை பொத்தென்று இறங்கியது. "பாத்தீங்களா!" என்றார் வெற்றியோடு. "ஏலே, அது தோள்பட்டை எறங்குன கை. சப்பாத்திய எடுத்துட்டு அமுக்கு, அப்பவும் விழும்" என்றார் மாமா.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் நிஜமான வியாதி ஒன்று இதற்குள் இருக்கிறது: சீலியாக். கோதுமை, பார்லி, ரை இவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் காவற்படை தன் சிறுகுடலையே தாக்கும். டச்சுக் குழந்தை மருத்துவர் டிக்கே கோதுமைமேல் முன்பே சந்தேகம் கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்தில் ரொட்டி இல்லாமல் ஊரே வாட, இந்த நோய்க் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். இந்தியாவில் இது பெரும்பாலும் வடக்கத்திச் சங்கடம். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், இதற்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வட இந்தியாவில் 1.23 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம்.

அத்தானிடம் இதைச் சொன்னால், தனக்கு இருப்பது சீலியாக் இல்லை, 'சென்சிட்டிவிட்டி' என்பார். அப்படி ஒன்று உண்டு என்று 2011இல் சொன்னது மெல்பர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சனின் குழு. அதே குழு 2013இல், வயிற்றில் நொதிக்கும் சில சர்க்கரை வகைகளை உணவிலிருந்து முதலில் விலக்கிவிட்டு மறுபடி சோதித்தது. குளூட்டன்மேல் குற்றம் நிற்கவில்லை. அந்தச் சர்க்கரைகள் கோதுமையில் உண்டு. வெங்காயத்திலும் பூண்டிலும் தாராளமாக உண்டு. அத்தான் காலையில் வெங்காய ஊத்தப்பம் ரெண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் குளூட்டனைத் திட்ட உட்காருவார். சீலியாக் உண்டா என்று ரத்தப் பரிசோதனை செய்துபார்க்கலாமே என்றால், கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அதில் சரியாகத் தெரியும். இவர் விட்டுவிட்டார். ஆகவே இவருக்கு அந்த வியாதி இல்லை என்று இனி யாரும் லேசில் நிரூபிக்க முடியாது. இதைவிடப் பாதுகாப்பான நிலைமை உலகத்தில் உண்டா?

அந்தப் பத்தியத்துக்கு எல்லைக்கோடு பிரானூர் பார்டர். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த காலத்து எல்லை அது. எல்லை போனபிறகும் பெயர் பரோட்டாவோடு ஒட்டிக்கொண்டு பிழைத்துவிட்டது. ஈரத் தலையோடு அருவிக்கரையிலிருந்து வருகிற கூட்டத்தில் அத்தானும் நிற்பார். பரோட்டா மாஸ்டர் எண்ணெயில் ஊறிய மைதா உருண்டையைத் தட்டி, விசிறி விசிறிப் பலகையில் அடிக்கிறார். விசிற விசிற அது விரிந்து, அடியில் இருக்கும் விரல் தெரிகிற அளவுக்கு மெலிகிறது, கிழியவில்லை. கிழியாமல் காக்கிறதே, அதுதான் ஐயா குளூட்டன்! அத்தான் மெய்ம்மறந்து பார்ப்பார். இலையில் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, பக்கத்தில் நாட்டுக்கோழியை வைத்ததும் சித்தாந்தம் வரும்: "அமெரிக்கக் கோதுமதான் ஆகாது. இந்தக் காத்துக்கும் தண்ணிக்கும் ஒண்ணும் செய்யாது."

மறுநாள் காலையில் டவுன் ஹோட்டலில் காற்றும் தண்ணீரும் மாறிவிடும். "இட்லில குளூட்டன் இருக்கா?" சப்ளையர் சமையற்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இட்லி, பொங்கல், வடதான் ரெடி சார். நீங்க கேட்டது பதினோரு மணிக்கு மேல ஆயிரும்" என்றார்.

இந்த ஆர்ப்பாட்டத்துக்கு நடுவில் ஒருத்தி பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சின்ன அத்தானின் மனைவி, லூதியானா அக்கா. அவளுக்கு இருப்பது அசல் சீலியாக். குடலில் சதை எடுத்துப் பார்த்து உறுதிசெய்தது. கல்யாணமாகி வந்த புதிதில் அத்தையிடம் ரெண்டே கேள்விதான் கேட்டாள்: பெருங்காயம் எந்த டப்பா, தோசைக்கல்லில் சப்பாத்தி போடுவீர்களா. டப்பாவைத் திருப்பிப் படித்த அத்தைக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெருங்காயத்தோடு கோதுமை மாவும் சேர்த்திருக்கிறார்கள். சாம்பார், ரசம், மிளகாய்ப்பொடி அத்தனைக்குள்ளும் அதுவரை கோதுமை ஒளிந்து போய்வந்திருக்கிறது. நாற்பது கேள்வி கேட்கிற மகன் இந்த ஒன்றைக் கேட்டதே இல்லை. அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வேறு, முறைப்படி ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிவந்தார்கள். அதில் கோதுமையும் உண்டு, பார்லியும் உண்டு. "இவளும் நம்ம பெரியவன் மாதிரி டயட்டா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே அவளுக்கு வாய் வலித்தது. மறுபக்கம், பெரியவனைப் போன்றவர்கள் லட்சக்கணக்கில் கிளம்பியதால்தான் அவளுக்கும் கடையில் முத்திரை போட்ட மாவு கிடைக்கிறது. அதையும் அவளே சொல்லுவாள்.

அத்தை அவளுக்கென்று அரிசிமாவு சேர்த்த பெருங்காயம் தேடிப்பிடித்தாள். தனித் தோசைக்கல் ஒன்று வாங்கிப் பழக்கி, சுவரில் தனி ஆணியில் மாட்டினாள். அத்தான் வந்த அன்றே அந்தக் கல்லுக்கு உரிமை கொண்டாடிவிட்டார்.

போன சீசனில் ஒருநாள் ராத்திரி பார்டரிலிருந்து பார்சலோடு திரும்பினார். பரோட்டா ஆறிப்போயிருந்தது. அடுக்களையில் ரெண்டு கல். விடிந்து பார்த்தால் அக்காவின் கல்லில் மைதாச் செதிலும் சால்னாக் கறையும்.

"ஏலே, இதுலயா போட்ட?"

"அந்தக் கல்லுல அப்பாக்குச் சப்பாத்தி சுடுவீங்கள்லாம்மா. கிராஸ் கான்டாமினேஷன் ஆயிரும்."

அத்தை வாயைத் திறக்கவில்லை. பத்து மணிக்கெல்லாம் மகனைக் கூட்டிக்கொண்டு தென்காசிப் பாத்திரக் கடைக்குப் போய்ப் புதுக் கல் எடுத்தாள். பணம் கொடுக்குமுன் அத்தான் கல்லைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, இது குளூட்டன் ஃப்ரீதானா என்று விசாரித்தார்.

"வெறும் இரும்பு சார்" என்றார் கடைக்காரர். "வேற ஒண்ணும் சேக்கல."