கன்ஃபிகர் அண்ணன்

வில்லியனூர்ப் பக்கம் டீக்கடையில் அவரை அடையாளம் காண்பது சுலபம். "அடுப்பு எரியுதா? பால் இருக்கா? தூள் இருக்கா?" என்று வரிசையாகக் கேட்பார். "தம்பி, டீயே உன் கையிலதான் இருக்கு" என்பார் கடைக்காரர். "தெரியுதுண்ணே. இருந்தாலும் சோதிச்சிடணும்."

பையன்கள் வைத்த பெயர் கன்ஃபிகர் அண்ணன். சி மொழியில் எழுதிய நிரல் ஒன்றை இன்னொரு கணினியில் கட்டுவதற்கு முன் கன்ஃபிகர் என்றொரு ஸ்கிரிப்டை ஓட்டுவார்கள். கம்பைலர் இருக்கிறதா, இருந்தால் வேலை செய்கிறதா, இன்ன நூலகம் உண்டா என்று பெண் பார்க்க வந்த அத்தை மாதிரி அது துருவித் துருவி விசாரிக்கும். அந்த ஸ்கிரிப்டை ஆக்கித் தரும் ஆட்டோகான்ஃபை டேவிட் மெக்கன்ஸி தொடங்கியது 1991-இல். அண்ணனுக்குத் தன் கல்யாண நாள் மறக்கும். அந்த வருஷம் மறக்காது.

முன்பெல்லாம் அவரும் நம்மைப்போல எதையும் நம்புகிறவர்தான். பாகூர்ப் பக்கத்துப் பால் சங்கம் ஒன்றுக்காக நாற்பது வரியில் கணக்கு நிரல் எழுதினார். கோப்பை எழுத்தெழுத்தாகப் படிக்கும் கெட்சார் கொண்டுவந்து கொடுத்ததை 'சார்' வகை மாறியில் வாங்கி வைத்தார். கோப்பு முடிந்ததும் மைனஸ் ஒன்று வரும். நிரல் நிற்க வேண்டும். அவர் மேசைக் கணினியில் சமர்த்தாக நின்றது. அக்கா மகனின் ராஸ்பெரி பையிலோ விடிய விடிய ஓடியது. சார் மரியாதையான பெயர்தான், ஆனால் ஆளுக்கு ஆள் குணம் மாறும். இன்டெல் லினக்ஸில் அதற்கு மைனஸ் தெரியும். ராஸ்பெரி பையின் ஆர்ம் லினக்ஸில் தெரியாது, மைனஸ் ஒன்று 255 ஆகிவிடும். இன்ட் வகையில் வாங்கியிருந்தால் வம்பே இல்லை.

அன்று போனது நம்பிக்கை.

ஊருக்கும் இதில் பங்குண்டு என்பது என் கட்சி. வரப்புக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். பாட்டில் விலை வேறு, வண்டி நம்பர் வேறு. அதே அரசு மாஹேயில் மலையாளம் பேசுகிறது, ஏனாமில் தெலுங்கு பேசுகிறது. 'இந்த மெஷினானால் இப்படி, அந்த மெஷினானால் அப்படி' என்று சொல்லும் இஃப்டெஃப் இங்கே யாருக்கும் புதிதில்லை.

நிரலை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் மேக்ஃபைலைத் தொட்டால் அண்ணன் கண்ணில் விளக்கெண்ணெய். 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய மேக், கட்டளை வரிக்கு முன்னால் டேப் கேட்கும். எட்டு இடைவெளி வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது வசதிக்குறைவு என்று ஃபெல்ட்மனுக்குச் சில வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்குள் பன்னிரண்டு பேர் போல, பெரும்பாலும் சிநேகிதர்கள், பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைச் சிரமப்படுத்த மனசில்லாமல் விட்டுவிட்டார். இதைச் சொல்லும்போது அண்ணனுக்குக் குரல் தழுதழுக்கும். "பன்னண்டு பேர் மனசு நோகக் கூடாதுன்னு, பாருங்க, உலகமே டேப் அடிச்சிக்கிட்டு இருக்கு."

நாற்பது வரி நிரல் இன்றும் நாற்பது வரிதான். அதற்குக் காவலாக நிற்கும் கன்ஃபிகர் பல ஆயிரம் வரி. போன மாதம் ஒருவழியாகச் சங்கத்துக்குக் கொண்டுபோனார். செயலாளர் பெரியவர், பால் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்க கம்ப்யூட்டர் விண்டோஸா, லினக்ஸா?"

"தெரியலியே தம்பி. ஏன்?"

"64 பிட் லினக்ஸ்னா சி மொழியில லாங் எட்டு பைட், விண்டோஸ்னா நாலுதான். இதுல லாங் எவ்வளவு?"

பெரியவர் பேனாவை வைத்துவிட்டு, மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு பார்வை பார்த்தார்.

"ரெண்டு முழம் இருக்கும்."

அண்ணன் குறித்துக்கொண்டார்.